தோழிக்கு எழுதச் சொன்ன கடிதம்

நேற்று ஆபீசில் வாடிக்கையாளருக்கு அனுப்ப நான் எழுதிவைத்திருந்த மெயிலை மேலாளர் அச்செடுத்து வைத்துக்கொண்டு, "நலம் விசாரிக்காம இப்படி மொட்டையா எழுதலாமாம்மா?" என்று சிவப்புப் பேனாவால் கோடு கிழித்தார். தாளில் பேனா கிறீச்சிட்டதும் நான் நெல்லித்தோப்புப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

ஐந்தாம் வகுப்பு. தோழியைப் பொங்கலுக்கு அழைத்துக் கடிதம் எழுத வேண்டும். சுற்றிலும் பேனாக்கள் ஓடின. நான் வெகுநேரம் யோசித்து, "எனக்குத் தோழி இல்லை" என்று மட்டும் எழுதினேன். டீச்சர் தாள் கிழியும்படி அதைச் சிவப்புப் பேனாவால் அடித்து, "திமிரு! நாளைக்கு ஒழுங்கா எழுதிட்டு வா" என்றார்.

மில்லிலிருந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு அம்மா வந்தாள்.

"ஏதாவது ஒரு பேரப் போட்டு எழுதிட்டா என்னடி?"

"யார் பேரு? பொய் எழுத எனக்கு வராதும்மா."

அம்மா தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். பிறகு, "என் பேரப் போடு" என்றாள்.

எழுதினேன். "அன்புள்ள லட்சுமி, பொங்கலன்று நீ வீட்டில்தான் இருப்பாய். அதனால் அழைக்கவில்லை." படித்துக் காட்டியதும் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் டீச்சர் அதையும் அடித்தார். மூன்றாம் முறை நான் எழுதவில்லை. பீரியட் முழுக்க பெஞ்சுமேல் நின்றேன்.

எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது முப்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை அதன் பெயர் திமிர்தான்.

"விஷயம் தப்பா இருந்தா சொல்லுங்க சார், திருத்துறேன்" என்றேன் மேலாளரிடம். "மத்தபடி இது இப்படியேதான் போவும்."

அவர் எதிரிலேயே மெயிலை அப்படியே அனுப்பினேன்.