ஷெர்லி வரைந்த பஸ்

கீரிப்பாறையில் மழை பிடித்துவிட்டால் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. மரத்தில் கட்டிய சிரட்டையில் பாலுக்குப் பதில் தண்ணீர்தான் நிறையும். எஸ்டேட்டின் மற்றப் பெண்கள் போர்வையை இழுத்து மூடி இன்னொரு தூக்கம் போடும் அந்த நேரத்தில், ஷெர்லி அடுக்களை ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக் தட்டில் நீலத்தைப் பிதுக்குகிறாள். தட்டை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்து பார்க்கிறாள். மோந்து பார்க்காமல் எந்தப் பெயிண்டையும் அவள் தொட்டதில்லை.

"பாலு உறையாம இருக்க அமோனியா விடுவோம்லா, அந்த மணமாக்கும் இதுக்கும்" என்பாள்.

வயது ஐம்பதை நெருங்குகிறது. கல்யாணமாகி வந்த மறு மாதமே பால்வெட்டுக் கத்தியை எடுத்தவள். அக்ரிலிக் பெயிண்ட் பெட்டி அவளுடையதல்ல. மகள் பெமிலா நாகர்கோவில் ஹாஸ்டலுக்குப் போகும்போது கட்டிலுக்கு அடியில் விட்டுப்போனது. தூசி தட்ட வெளியே எடுத்தவள், மூடியைத் திறந்தாள். பிறகு மூட மனசு வரவில்லை.

தொடங்கிய வேகத்தில் ஒரு பிரஷ்ஷைப் பலி கொடுத்தாள். ரப்பர் வெட்டுகிறவர்கள் சிரட்டையைக் கழுவுவதில்லை. மிச்சம் கிடக்கும் பால் தானாக உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும். மறுநாள் நகத்தால் ஒரு நிமிண்டு நிமிண்டினால் தோல்போல உரிந்து வரும். இத்தனை வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? தட்டையும் பிரஷ்ஷையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். காலையில் தட்டில் காய்ந்திருந்த பெயிண்ட் முழுசாக உரிந்து வந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதே சந்தோஷத்தில் பிரஷ்ஷின் முடியைப் பிடித்து இழுத்தாள். அது கட்டையாக விறைத்து நின்றது. சுடுதண்ணீரில் போட்டாள், மண்ணெண்ணெயில் போட்டாள், எதற்கும் மசியவில்லை.

போனில் பெமிலா தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, காயதுக்கு முன்ன கழுவணும். பச்சத் தண்ணி போதும்."

"அத நீ முன்னயே சொல்லண்டாமா மக்கா?"

பிரஷ் கழுவக் கற்றுக்கொண்டாள். ஆனால் இன்னொரு பழக்கத்தை இன்றுவரை விட முடியவில்லை. மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து இறங்கும். பிரஷ்ஷும் அவள் கையில் அப்படியே இறங்குகிறது. பழைய அட்டைகளில் வரைந்து பழகியதிலெல்லாம் வானம் சரிவு, மலை சரிவு, குளத்துத் தண்ணீர்கூடச் சரிவு. கணவன் கிறிஸ்துதாஸுக்கு இது போதாதா? "ஏட்டி, குளம் பூரா ஒழுகிப் போவுமே, கீழ ஒரு வாளி வச்சியா?" என்று கேட்டுவிட்டு, அடி விழும் முன் வெளியே நழுவிவிடுவான்.

இந்த வருஷம் ஷெர்லி தன் வாயாலேயே மாட்டிக்கொண்டாள். அவர்கள் ஊர் வழக்கப்படி, புது வாழை தள்ளிய முதல் குலை, பலாவின் முதல் காய், கோழியின் முதல் முட்டை என்று வீட்டில் முதலில் விளைவது எதுவானாலும் அறுப்பின் பண்டிகைக்குச் சபைக் கோயிலுக்குப் போய்விடும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். பக்கத்துப் பிளாக்கில் பால் வெட்டும் பிரீனாவிடம், "எனக்க முதல் படமும் முதல் காய்ப்புதானே, கோயிலுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். அப்போது அவளுடைய முதல் கான்வாஸில் வெறும் நீலம்தான் இருந்தது.

பிரீனாவிடம் சொன்னால் மைக்கில் சொன்ன மாதிரி. "எல்லாரும் வாழக்குலையும் பலாச்சக்கையும் வைக்கினும். படத்த யாருட்டீ ஏலம் பிடிப்பினும்?" என்று அவள் கேட்டாள். ஒரு வருஷம் யாரும் கேட்காத சுரைக்காய் ஒன்றைப் போதகரே சுமந்து போனது ஷெர்லிக்கு நினைவிருக்கிறது. சுரைக்காயிலாவது யார் வீட்டுச் சுரைக்காய் என்று பெயர் எழுதியிருக்கவில்லை. படத்தின் மூலையில் ஷெர்லி என்று இருக்குமே.

"யாரும் பிடிக்கலேன்னா நான் பிடிக்குதேன்" என்றான் கிறிஸ்துதாஸ்.

"அது இதவிட மானக்கேடு. நீங்க வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியளா."

அவள் வரைந்தது பனிமூட்டத்தில் வளைவு திரும்பும் எஸ்டேட் பஸ். முகப்பு விளக்கு மட்டும் கைக்கு அகப்படவில்லை. நீலத்தின்மேல் மஞ்சளைத் தொட்டால் பாசி பிடித்த பச்சையாகிவிடும். துடைத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி பச்சை. ஒரு மழைநாளில் எரிச்சலோடு அந்த இடத்தை வெள்ளையால் மூடிக் காயவிட்டாள். அதன்மேல் மஞ்சளை வைத்தபோது விளக்கு எரிந்தது. கஞ்சி ஆறிப்போனது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மாலை விழுந்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.

பண்டிகை அன்று, ஏலம் கூறும் ஞானையன் வாழைக்குலைகளையும் பலாப்பழங்களையும் முடித்துவிட்டுப் படத்தைத் தலைக்குமேல் தூக்கினார்.

"எஸ்டேட்டு பஸ்ஸு! டிக்கெட்டு வேண்டாம். கேளுங்கப்பா!"

சிரிப்பு எழுந்து அடங்கியது. யாரும் கேட்கவில்லை. ஞானையன் இன்னொருமுறை கூவினார். ஷெர்லி தரையைப் பார்த்தாள். கிறிஸ்துதாஸ் பெண்டாட்டி சொல்லுக்குக் கட்டுப்பட்டு உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்க பஸ்ஸ வேற ஆளுக்கு விடுவேனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எஸ்டேட் பஸ் டிரைவர் அனில்குமார். பலாப்பழத்துக்குக் கிடைத்ததைவிடக் கூட்டியே கேட்டார். கூட்டம் கைதட்டியது.

"பாத்தியா, வித்துப் போச்சு!" என்று பிரீனா தோளில் இடித்தாள்.

ஷெர்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. இனி யார் என்ன சொன்னாலென்ன என்று நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். வெயிலில் அந்த மஞ்சள் வீட்டில் தெரிந்ததைவிடத் தெளிவாக எரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது அனில்குமார் வீட்டுச் சுவருக்குப் போய்விடும்.

"ஒரு தரம்" என்றார் ஞானையன். கிறிஸ்துதாஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு தரம்..."

ஏலம் கேட்க ஷெர்லியின் வலக்கை மேலே போனது.