மடிக்கணினிக்கு ஒரு பொன்னாடை

கணக்கு டீச்சரான அம்மா, மாவட்டக் கணக்கு ஆசிரியர் சங்கத்துக்குச் செயலாளரான வருடம் பார்த்துத்தானா சங்கத்தின் கை வறண்டு போக வேண்டும்? தஞ்சாவூரில் மண்டபம் பிடித்து, சாப்பாடு போட்டு, ஆளுக்கொரு பை கொடுத்து வருடா வருடம் மாநாடு நடக்கும். செலவை ஏற்றுவந்த கைடு புத்தகக் கம்பெனி அந்த வருடம் கையை விரித்துவிட்டது. மாநாடே வேண்டாம் என்றார்கள் சங்கத்துப் பெரியவர்கள். ஒரு தடவை விட்டால் விட்டதுதான் என்று அம்மாவுக்குப் பயம். ஆன்லைனில் நடத்திக் காட்டுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்து, வீட்டில் தூக்கமில்லாமல் புரண்டாள்.

துணிக்கடை வைத்திருந்த அத்தா, தன் பங்குக்குப் பயமுறுத்தினார்.

“சாம்பார் வாசனையே இல்லாத மாநாட்டுக்கு எவன் வருவான்?”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்து மேசையில் மடிக்கணினி வைக்கப்பட்டது. அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அடுப்படியில் குக்கர் விசில் அடிக்காமல் பார்த்துக்கொள்வது எட்டு வயதான என் பொறுப்பு. திரையில் இரண்டே கட்டங்கள். ஒன்றில் அம்மா. இன்னொன்றில் சிறப்பு விருந்தினர், மயிலாடுதுறையில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று அவர் விசாரித்தார். வந்துவிட்டது என்றாள் அம்மா. பிறகு கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு ஒரு கட்டம் திறந்தது. இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நிறைந்து, அடுத்த பக்கமும் நிறைந்தது. அம்மா பெருமூச்சு விட்டாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அந்தத் தெம்பில் பழைய பழக்கம் வாயில் வந்துவிட்டது. “இப்போது பேராசிரியருக்குப் பொன்னாடை அணிவித்து...” என்றவள் பாதியில் நிறுத்தினாள். அத்தா நிறுத்தவில்லை. இதற்காகவே கடையிலிருந்து ஜரிகைப் பொன்னாடை ஒன்று கொண்டுவந்து கதவோரம் காத்திருந்தவர், விறுவிறுவென்று வந்து மடிக்கணினிக்கு அதைப் போர்த்திக் கும்பிட்டார். கேமரா மூடிக்கொண்டது.

“டீச்சர், அங்க கரண்ட் போயிடுச்சா?” என்று பொன்னாடைக்குள்ளிருந்து ஒரு குரல் பதறியது.

“கரண்டெல்லாம் இருக்குங்க. எனக்குத்தான் பொன்னாடை போட்டிருக்காங்க” என்றார் பேராசிரியர்.

சிரிப்பும் கைதட்டலும் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதன்பின் மாநாடு தன்பாட்டுக்கு நடந்தது.

முடிந்ததும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு புகார் இருந்தது. மாநாட்டில் ஒரு டீச்சர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஒரு கையால் தூளி ஆட்டினார். எங்கள் வகுப்பில் இப்படிச் செய்தால் வெளியே நிறுத்திவிடுவார்கள்.

“மொச்சை உரிச்சவங்க பூதலூர் டீச்சர்டி. நான் வேலையில சேர்றதுக்கு முன்னாடியிருந்தே சங்கத்துல இருக்காங்க. மாநாட்டுக்கு இன்னைக்குத்தான் முதல் தடவையா வந்திருக்காங்க” என்றாள் அம்மா.

பூதலூர் என்ன சீமையிலா இருக்கிறது? நாங்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பியிருக்கிறோம். எனக்கு அந்த டீச்சரை நினைத்துப் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊருக்கு பஸ்ஸே விடுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.