சத்தம் குறைக்கும் பட்டன்

இப்போது மாலை மணி மூன்று ஐம்பது. இதை எழுதி முடிக்க இருபது நிமிஷம் இருக்கிறது. ஆள் கதைவிடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கற்பனையெல்லாம் வராது. கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, லேப்டாப்பில் பதிவானதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு அச்சகத்தில் காலை ஷிப்டு. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் பழைய போன்களைப் பிரித்து அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுவதுதான் பொழுதுபோக்கு. சொந்தக்காரர் யாருடைய போனும் என் கையிலிருந்து தப்பியதில்லை. "இவன்கிட்ட கொடுத்தா எதுவும் உயிரோட திரும்பாது" என்று அக்கா கிண்டலடிப்பாள்.

அக்காவின் கணவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். கையுறை போட்டால் போன் திரை வேலை செய்வதில்லை என்று புலம்பிக்கொண்டே இருப்பார். அவருக்காக ஒரு சின்ன வசதி எழுதிக் கொடுத்தேன். சத்தம் குறைக்கும் பட்டனை வரிசையாக ஐந்து முறை அழுத்தினால் போதும், நேராக எனக்கு அழைப்பு வரும். "மாப்ள, நீ பெரிய ஆளுடா!" என்று முதுகில் தட்டினார். அன்றெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் மாமா உள்ளே இருக்கும்போது கிடங்கின் கதவு பூட்டிக்கொண்டது. இரவு எட்டரைக்குத்தான் திறந்தார்கள். உயிர் போயிருந்தது. "உள்ள சிக்னலே கிடைக்காதும்மா. குளிர்ல உடனே மயக்கம் வந்திருக்கும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் சூப்பர்வைசர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா நடமாடினாள்.

எனக்குச் செய்தி கடைசியாகத்தான் வந்தது. அன்று மூன்று மணிக்கு என் சொந்த போனில் புது லினக்ஸ் ஏற்ற ஆரம்பித்தேன். பாதியில் தொங்கிவிட்டது. ஆறு மணி நேரம் செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வாரம், தவறிய அழைப்பைச் சொல்லும் குறுஞ்செய்திகூட எதுவும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா மாமாவின் போனோடு வந்தாள்.

"பூட்டைத் திறக்கத் தெரியலடா. கடைசியா எனக்கு ஏதாவது பேசி வச்சிருப்பார். எப்படியாவது எடுத்துக் கொடு."

வேறு மென்பொருள் ஏற்றவிடாமல் தடுக்கும் போனின் அடிப்பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். என்னைப் போன்றவர்களுக்கு இது அரிச்சுவடி. எச்சரிக்கையும் திரையில் வந்தது. நூறு போனில் அழுத்திய பழக்கம். விரல் 'ஆம்' என்று அழுத்திவிட்டது.

எல்லாம் போய்விட்டது. அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. "முயற்சி பண்ணிட்டிருக்கேன்க்கா" என்று மழுப்பினேன்.

அழிந்ததில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்ற நப்பாசை. போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அதற்குள் ஒரு குட்டி லினக்ஸை ஓடவிட்டேன். பேட்டரியின் சூடு, எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது... எல்லாம் லேப்டாப் திரையில் வரிவரியாக வரும்.

அன்றும் வியாழக்கிழமை. மணி சரியாக 4:10.

'சத்தம் குறை: அழுத்தப்பட்டது.' அடுத்தடுத்து ஐந்து வரிகள்.

என் இரண்டு கைகளும் கீபோர்டில் இருந்தன. போன் மேஜைமேல் தனியாகக் கிடந்தது. பழைய பட்டன், சிக்கியிருக்கும் என்று நினைத்தேன்.

4:13. மறுபடியும் ஐந்து.

பேட்டரி சூட்டைப் பார்த்தேன். 34... 19... 6... மைனஸ் 11.

அறையில் எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. போன் திரையில் வெள்ளையாகப் பனி படர்ந்தது.

4:21. இந்த முறை காதிலேயே கேட்டது.

டிக்... டிக்... டிக்... டிக்... டிக்.

பட்டன் உள்ளே போய்ப் போய் வந்தது. பார்த்தேன்.

கேபிளைப் பிடுங்கினேன். பின்மூடியைக் கழற்றி பேட்டரியையும் எடுத்துவிட்டேன்.

டிக்... டிக்...

நிற்கவில்லை.

எண்ணினேன். ஐந்து ஐந்தாக, மொத்தம் பதினோரு முறை. போகப்போக மெதுவாக... கை ஓய்ந்துபோனவர் அழுத்துவதுபோல.

4:51. பன்னிரண்டாவது.

டிக்... டிக்... டிக்...

மூன்றோடு நின்றுவிட்டது.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். கையில் ஒரே ஒரு தாள். விசாரணைக்காக போன் கம்பெனியில் கேட்டு வாங்கிய அழைப்புப் பட்டியல்.

"உள்ள சிக்னல் இருந்திருக்குடா."

தாளை என்னிடம் நீட்டினாள்.

"பதினோரு தடவை கூப்பிட்டிருக்கார். எல்லாம் உனக்குத்தான்."

தாளை வாங்கினேன். முதல் அழைப்பு 4:10. அடுத்தது 4:13. கடைசி 4:48. பன்னிரண்டாவது அதில் இல்லை. மூன்று அழுத்தலுக்கு அழைப்பு போகாது. அப்படி எழுதிக் கொடுத்தது நான்தான்.

"நீ அப்ப என்னடா பண்ணிட்டிருந்தே?"

அதுதான் அக்கா என்னிடம் கடைசியாகப் பேசியது.

இன்றும் வியாழக்கிழமை. மணி 4:09.

மாமாவின் போன் மேஜைமேல், பேட்டரி இல்லாமல் கிடக்கிறது. பக்கத்தில் என் போன். முழு சார்ஜ். முழு சத்தம். ஒவ்வொரு வியாழனும் இப்படித்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவையாவது எடுத்துப் பேசிவிட வேண்டும்.

4:10.

டிக்... டிக்... டிக்... டிக்... டிக்.

என் போன் அடிக்கவில்லை.