நாற்பத்தொன்றைத் தொடாத கை

புனேயில் எங்கள் ஆய்வுக்கூடத் தொலைபேசியில் தமிழ் கேட்பது அபூர்வம். சென்ற மாதம் ஒரு மதியம் அதை எடுத்தபோது பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல் கேட்டது.

“டாக்டரம்மாவா? நான் மம்சாபுரத்துல இருந்து செல்வி பேசுதேன். சண்முகத்தாய் மக. அம்மா நேத்து தவறிட்டாவ. நெஞ்சு வலிக்குன்னாவ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு. இன்னைக்குக் காலையில எடுத்தாச்சு. உங்க நம்பரை அம்மா காலண்டர்ல எழுதி வச்சிருந்தாவ. அதான் சொல்லணும்னு...”

டெலிபோன் பூத்துக்கு வெளியே யாரோ காத்திருந்தார்கள் போலும். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெண் அழுதாள். “வாரேன், செல்வி” என்றேன். அந்த ஊரை விட்டு வந்து இத்தனை வருடம் கழித்து, அந்த ஊர்ப் பேச்சு தானாக வாயில் வந்தது.

சண்முகத்தாய் அக்கா வேலை பார்த்த கல்லூரியின் மலருக்கு அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தருமாறு துறையிலிருந்து கடிதம் வந்தது. நாலு வரியில் அடங்குகிற மனுஷியா அவர்? அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சண்முகத்தாய் அக்கா ராஜபாளையத்தில் எங்கள் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஒல்லியான உருவம். குரல் மட்டும் நாலு ஆள் குரல். மம்சாபுரத்திலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் வந்து கதவைத் திறப்பார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போய்ச் சேரும்போது தரை துடைத்து, கண்ணாடிச் சாமான்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே போனேன். முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கான ஆராய்ச்சிப் பணி அது. இரண்டு வருடம் உறுதி. வேலை திருப்தியாக இருந்தால் மூன்றாவது வருடம். சில பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து, தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கல்லாகக் கட்டிவிடும். எந்த மரபணு அவற்றுக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்கு, கல் கட்டத் தெரியாமல் போன ஒரு பாக்டீரியாவைத் தேடிப் பிடித்து, அதில் எது பழுது என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் என் வீட்டுக்காரருக்கு, அதாவது வாடகைக்கு விட்டவருக்கு, அரை மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமக்கு மூட்டு வலிக்கு என்ன மாத்திரை நல்லது என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அந்தத் தெருவில் டாக்டரம்மா என்று பெயர். அக்காவும் அப்படியே கூப்பிட்டார்.

யூரியா கொட்டிக் கிடக்கும் இடம் மாட்டுத் தொழுவம். பால்கோவாவுக்குப் பால் ஊற்றும் ஒரு வீட்டுத் தொழுவத்துக்குக் கரண்டியும் குப்பியுமாக நானும் அக்காவும் போனோம். நான் குனிந்ததுதான் தாமதம், வீட்டம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். காலடி மண்ணை எடுத்துச் செய்வினை வைப்பார்கள் என்று பயப்படுகிற ஊர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. எனக்கு அது உறைக்கவே இல்லை.

அக்கா அசரவில்லை. “ஏ தாயி, செய்வினை வைக்கிறவ உம் மாட்டு வாலுக்குக் கீழயா வந்து குனிவா? வாசப்படி மண்ணைல்லா எடுப்பா. இவிய படிச்ச பிள்ள. சந்தேகமா இருந்தா உங் கையால நீயே அள்ளிக் குடு.”

வீட்டம்மா தம் கையாலேயே அள்ளிக் கொடுத்தார். அதற்குப் பிறகு செண்பகத்தோப்பு ஓடைப் பாறையில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டினோம், பழைய கிணற்றுச் சுவரைச் சுரண்டினோம். எதுவும் அந்தத் தொழுவத்து மண்ணுக்கு ஈடாகவில்லை. அதிலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாவைத்தான் நான் இன்றுவரை நம்பிப் பிழைக்கிறேன்.

இனி என் குணத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு மூக்கு நுனியில் கோபம். சேர்ந்த புதிதில், கழுவி வைத்த கண்ணாடிச் சாமான்களில் வெள்ளை வெள்ளையாக மங்கல் தெரிந்தது. போர்வெல் தண்ணீரின் உப்பு. “அக்கா, இது ஆய்வுக்கூடமா, டீக்கடையா? இனிமேல் கண்ணாடியில் துளி வெள்ளை தெரியக் கூடாது. உடைந்தது எது, கழுவினது எது, எல்லாம் எழுதி வைக்க வேண்டும்” என்று கத்தினேன். மறு வாரமே எல்லாம் பளபளவென்று மின்னின. எப்படி என்று நான் கேட்கவில்லை. எழுதி வைக்கச் சொன்னதையும் ஒரு நாள்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

இரண்டாவது வருடம் முடியப்போகும் நேரம். புறஊதா விளக்கின் கீழ் பாக்டீரியாக்களை வைத்து, பிழைத்தவற்றில் கொஞ்சம் வேறு மாதிரி தெரிந்த அறுபதைப் பொறுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் யூரியாவும் சுண்ணாம்புச் சத்தும் கலந்த நீரில், ஒரு கண்ணாடி ஸ்லைடின் மேல் வளர விட்டேன். கல் கட்டினால் ஸ்லைடில் படிந்திருக்கும். கட்டாவிட்டால் வெறும் கண்ணாடி. அறுபது ஸ்லைடுகளிலும் ஒன்று முதல் வரிசையாக எண் கீறி, வெளியே எடுத்துக் காய வைத்த அன்றைக்கு, அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று கும்பகோணத்திலிருந்து தந்தி வந்தது. ஸ்லைடுகள் அடுக்கிய தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். கழுவுகிற மேசை ஓரத்திலேயே வைத்துவிட்டு ஓடினேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். எட்டு நாள் கழித்து வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அறுபதில் பத்தொன்பது ஸ்லைடுகளில் கல்லே இல்லை. ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். பத்தொன்பது! திரும்ப ஒரு தடவை வளர்த்துப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது வருடத்தைத் தீர்மானிக்கும் குழு மூன்று வாரத்தில் கூடுகிறது. அது கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அறிக்கையை எழுதித் தட்டச்சுக்கே கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை பால்கோவா வாங்கி வந்து துறை முழுக்கக் கொடுத்தேன். அக்கா கையிலும் ஒரு பொட்டலத்தை வைத்து, “ஒன்றரை வருடமாக என்னோடு மண் சுமந்தீர்களே, வந்து பாருங்கள்” என்று மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். அந்த அறையில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மைக்ராஸ்கோப் வழியாக அவரை யாரும் பார்க்கச் சொன்னதில்லை.

முதலில் கல் கட்டிய ஒன்றைக் காட்டினேன். செத்த நேரம் பார்த்தார்.

“கல்கண்டு உடைச்சுப் போட்ட மாதிரில்லா இருக்கு. இது என்னது?”

“இதுதான் கல். ஸ்லைடில் வெள்ளையாகப் படியுமே, அது.”

“அந்த வெள்ளையையா நீங்க தேடுதிய?”

“அது இல்லாததைத் தேடுகிறேன். பத்தொன்பது கிடைத்திருக்கிறது” என்று தட்டைக் காட்டினேன். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, போறேன்” என்று கிளம்பிவிட்டார். பால்கோவாப் பொட்டலம் மேசையிலேயே இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, தரை துடைக்காமல் எனக்காகக் காத்து நின்றார். கையில் தினசரிக் காலண்டரில் கிழித்த ஒரு தாள். அதன் பின்புறம் பென்சிலால் வரிசையாகப் பதினெட்டு எண்கள்.

“டாக்டரம்மா, இந்தப் பதினெட்டும் என் கை. நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப, இதுல எல்லாம் கட்டி கட்டியா வெள்ளை தெரிஞ்சுச்சு. வெள்ளை தெரியக் கூடாதுன்னு சொன்னியள்லா. உப்புக் கறைன்னு நினைச்சுப் புளி போட்டுத் தேய்ச்சிட்டேன். பித்தளைக் குடத்துக்குத் தேய்க்க மாதிரி. மத்ததுல லேசாத்தான் இருந்துச்சு, மறுநாள் தேய்க்கலாம்னு வச்சிருந்தேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டிய. உங்க கண்ணாடிச் சாமான் அம்புட்டையும் அப்படித்தான் தேய்க்கேன். கழுவுனதை எழுதச் சொன்னியள்லா, எழுதி வச்சிருக்கேன்.”

புளி! சுண்ணாம்புக் கல்லைக் கரைக்க அதைவிட வேறென்ன வேண்டும்? நன்றாகக் கல் கட்டிய பதினெட்டையும் பார்த்துப் பார்த்துக் கரைத்துவிட்டு, துடைத்து, வரிசை மாறாமல் அடுக்கியும் வைத்திருக்கிறார். நான் அவற்றைத்தான் கல் கட்டத் தெரியாதவை என்று தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

என்ன பேசினேன் என்பதை முழுதும் இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. கத்தினேன். என் வாழ்க்கையே போயிற்று என்றேன். அவர் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டார். நான் மூச்சு வாங்கியபோது சொன்னார்:

“ஏசுங்க, நல்லா ஏசிக்கிடுங்க. ஆனா நாப்பத்தொண்ணை விட்டுறாதிய. அதுல முதல்லயே வெள்ளை இல்ல. அதை நான் தொடல.”

தாளைப் பார்த்தேன். பதினெட்டு எண்களில் நாற்பத்தொன்று இல்லை. என் நோட்டில் பத்தொன்பது, அதில் நாற்பத்தொன்றும் உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். அக்கா அப்போது தினக்கூலி. அவரை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதம்தான் கல்லூரி முதல்வர் மேசைக்குப் போயிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பொய்யைக் குழு முன்னால் வாசித்திருப்பேன், வேறு எங்காவது யாராவது செய்து பார்த்து என் முகத்தில் கரியைப் பூசியிருப்பார்கள். என்னைப் பற்றி அவருக்கு என்ன கவலை? கத்துவதைத் தவிர நான் அவருக்கு என்ன செய்திருந்தேன்? அன்றைக்கு அவர் அதையெல்லாம் யோசித்தாரா என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். “ராத்திரி பூரா யோசிச்சேன். பொறவு வந்துட்டேன்” என்றார்.

அறிக்கையைத் திரும்ப வாங்கினேன். பத்தொன்பதையும் மறுபடி வளர்த்தோம். கரண்ட் போகும் நேரமெல்லாம் அக்கா வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றி வைத்து, பாக்டீரியா வளரும் பெட்டியின் சூடு தணியாமல் பார்த்துக்கொண்டார். பதினெட்டும் வெள்ளை வெளேரென்று கல் கட்டின. நாற்பத்தொன்றில் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. ஒன்றும் இல்லை. மூன்றாவது முறையும் வெறும் கண்ணாடி. அது யூரியாவை ஒழுங்காக உடைத்தது, கல் மட்டும் கட்டவில்லை. நான் தேடி வந்ததே அதைத்தான்.

துறைத் தலைவர் கறாரான மனிதர். பத்தொன்பது எப்படி ஒன்று ஆயிற்று என்று கேட்டார். “கழுவுவதில் தவறு நடந்துவிட்டது. மேற்பார்வை என்னுடையது” என்றேன். வாசலில் நின்ற அக்கா விடவில்லை. “நான்தான் சார் புளி போட்டுத் தேய்ச்சேன்” என்று உள்ளே வந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எம்புட்டுப் புளி?”

“ஒரு எலுமிச்சங்காய் அளவு சார்.”

“இனிமே ஆசிட் வாங்கித் தாரோம். புளியைக் குழம்புக்கு வைங்க.”

அவ்வளவுதான். குழு, ஒன்றே ஒன்று என்றாலும் மூன்று முறை சரிபார்த்தது என்பதால் ஒத்துக்கொண்டு மூன்றாவது வருடத்தைக் கொடுத்தது. முதல்வர் மேசையில் இருந்த கடிதத்திலும் கையெழுத்து விழுந்தது. அக்கா அன்றைக்குத்தான் பால்கோவா சாப்பிட்டார்.

நாற்பத்தொன்றில் எங்கே பழுது என்று கண்டுபிடித்து எழுதிய கட்டுரைதான் எனக்குப் புனேயில் வேலை வாங்கித் தந்தது. அந்தக் கட்டுரையின் முடிவில் நன்றி சொன்ன இடத்தில், தட்டச்சு செய்தவர் பெயர்கூட இருக்கிறது. சண்முகத்தாய் அக்கா பெயர் இல்லை. புளிக் கதை வெளியே தெரிந்தால் அவரைக் கேலி செய்வார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம் எனக்குத்தான். அன்று எழுதாத பெயரை இன்று இந்த மலரில் எழுதுகிறேன். பிந்திவிட்டது, அக்கா. மன்னித்துவிடுங்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மம்சாபுரம் போனேன். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, செல்வி அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு பட்டுச் சேலை, வேலையை நிரந்தரமாக்கிய உத்தரவு, ஒரு வெள்ளைத் துணி முடிச்சு. முடிச்சுக்குள் ஒரு கண்ணாடி ஸ்லைடு. ஓரத்தில் என் கீறலில் 41. நான் ஊரை விட்டுப் போகும்போது, வேண்டாமென்றால் தனக்குத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டது. எனக்கு மறந்தே போயிருந்தது.

“இதுல என்ன டாக்டரம்மா இருக்கு? வெறுங் கண்ணாடியால்ல தெரியுது” என்றாள் செல்வி.

“ஒன்றும் இல்லை, செல்வி. ஒன்றும் இல்லை என்று உன் அம்மாதான் எனக்குச் சொன்னார்கள்.”

விரல் படாமல் துணியோடு ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒரு மங்கல்கூட இல்லை. “புளி போட்டா தேய்ப்பார்கள்?” என்று கேட்டேன். சிரிக்கத்தான் கேட்டேன்.

“சே, வெறுந் துணிதான். இதுல மட்டும் புளி படக் கூடாதும்பாவ. எங்களையும் தொட விட மாட்டாவ.”

முடிச்சை முன்பிருந்தபடியே கட்டிப் பெட்டியில் வைத்தேன். போய் வாருங்கள், அக்கா. நாற்பத்தொன்றை நானும் தொடவில்லை.