கும்பிடக் கூடாதென்று எங்கும் இல்லை

கணினி விழித்துக்கொள்ளும் வரை நின்றபடியே இருப்பார், உட்கார மாட்டார். திரையில் வெளிச்சம் வந்ததும் ஏதாவது ஓர் ஆய்விதழ், அதில் ஏதாவது ஒரு கட்டுரை. மீன் வளர்ப்பாக இருக்கலாம், மின்வேதியியலாக இருக்கலாம். பானைச் சோற்றுக்கு ஒரு பருக்கை போதும். பக்கம் முழுதாகத் திறந்துவிட்டது என்று தெரிந்ததும், ஒரு வரிகூடக் கண்ணில் பட்டுவிடாதபடி சட்டென்று மூடிவிட்டு, "தொறக்குது" என்பார் விருத்தாசலம். மேசை துடைத்துக்கொண்டிருக்கும் உதவியாளர் அம்சா, "தொறந்தா சரிங்க" என்பார். அன்றைய நூலகம் ஆரம்பமாகிவிட்டது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ஒரு தனியார் கல்லூரியின் நூலகர் அவர். சொந்த ஊர் அனந்தபுரம், குடியிருப்பு திண்டிவனம். அலமாரியில் இருக்கும் புத்தகங்களை அம்சாவிடம் ஒப்படைத்து வெகு காலமாகிறது. கண்ணுக்குத் தெரியாத பாதிதான் அவருடைய பொறுப்பு. கல்லூரி ஆண்டுச் சந்தா கட்டி இணையம் வழியாகப் பெறுகிற ஆய்விதழ்கள், மின்னூல்கள். இவற்றோடு வெளியீட்டாளர்கள் உரிம ஒப்பந்தம் என்று ஒன்றை அனுப்புவார்கள். பூமியில் பிறந்த அத்தனை பேரும் அதைப் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்திவிட்டு நிம்மதியாக வாழ்கிறார்கள். விருத்தாசலம் கடைசி வரி வரை படித்தார். அன்று போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை.

முதலாண்டு மாணவர்களுக்கு அவர் எடுக்கும் அறிமுக வகுப்பு மாவட்டப் புகழ் பெற்றது. "இது நம்ம சொத்து இல்ல, கேட்டுக்கங்க. வாடகை வூடு. இருக்கலாம், படுக்கலாம், சமைச்சுத் துன்னலாம். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. சொந்தக்காரனைக் கூட்டியாந்து தங்க வைக்கக் கூடாது. காலி பண்ணச் சொன்னா ஜன்னலைப் பேத்துக்கினு போவக் கூடாது." ஒரு மின்னூலை ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் திறக்க முடியும், நான்காவது ஆள் காத்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். பாவம், அவர்கள் தினமும் ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள். இடமில்லை என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள்.

அதிர்ச்சி அடைவது அவருக்கு உத்தியோகத்தின் ஒரு பகுதி. அதில் தரவரிசை உண்டு. கடவுச்சொல்லை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் எழுதுவதை நிறுத்திவிட்டு, சொன்னவரைப் பார்ப்பார். இது கடைநிலை. மின்னூலை அட்டைக்கு அட்டை அச்செடுத்துக்கொள்கிறேன் என்றால் அம்சாவிடம் தண்ணீர் கேட்பார். வேதியியல் பேராசிரியர் சீனுவாசன் ஒருநாள் உள்ளே வந்து, "நம்ம ஐடிய மச்சானுக்குக் குடுத்துட்டேன் சார். பாண்டில உக்காந்து படிச்சுக்கினு கீறான்" என்றார். விருத்தாசலம் நெஞ்சில் கை வைத்தவர் சாயங்காலம் விழுப்புரம் பஸ் போகிற வரைக்கும் எடுக்கவில்லை. மறுநாள் கல்லூரியில் அத்தனை பேருடைய கடவுச்சொல்லும் மாறியிருந்தது. சீனுவாசனுக்கு மச்சானே கிடையாது என்பது பிறகு தெரியவந்தது.

அவரை அதிர வைப்பதைச் சீனுவாசன் தன் ஓய்வு நேர ஆராய்ச்சியாகக் கொண்டிருந்தார். சரஸ்வதி பூஜைக்கு முந்தின வேலைநாளில் அந்த ஆராய்ச்சி முற்றியது.

கல்லூரியில் பூஜை நூலகத்தில்தான். ஒவ்வொரு துறையும் தன் புத்தகங்களைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் அடுக்கும். இயற்பியல்காரர்கள் தராசு வைப்பார்கள், அலுவலகம் முத்திரையை வைக்கும். அம்சா கணினிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்துக் குங்குமமிட்டுக்கொண்டிருந்தார். சீனுவாசன் பொரியை அள்ளி வாயில் போட்டபடி சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், பாதியத்தான் வச்சிருக்கீங்க?"

"பாதியா?"

"நீங்கதான சொல்லுவீங்க, லைப்ரரில பாதி கண்ணுக்குத் தெரியாதுன்னு. அந்தப் பாதி பூஜைக்கு வரலியே. சரஸ்வதி கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

விருத்தாசலம் தண்ணீர் கேட்டார்.

சொன்னவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டு இன்னொரு கை பொரியோடு போய்விட்டார். கேட்டவருக்கு அது விளையாட்டாகப் படவில்லை. இத்தனை ஆண்டுகளாக ஆய்விதழ்களை ஒருமுறைகூடப் பூஜையில் வைக்கவில்லை. யாரும் அவற்றைப் படிக்காததற்குக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம். ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி முழுவதும் படித்தார். மொத்தமாக இறக்கிக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அது அவருக்கு மனப்பாடம். ஆனால் அந்த விதி எங்கே இருந்தது? 'பயன்பாடு' என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது.

"அம்சா, பயன்பாடுன்னா இன்னா? படிக்கிறது. நாம படிக்கவா போறோம்? பூஜைல வச்ச பொஸ்தகத்தைத் தொடக்கூடக் கூடாது. இதைவிடப் பத்திரமா எவன் வச்சுப்பான்? விக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான், பங்கு போடக் கூடாதுன்னு போட்டிருக்கான். கும்பிடக் கூடாதுன்னு எங்கியும் இல்ல."

"இல்லன்னா சரிங்க" என்றார் அம்சா.

முதலில் ஒவ்வோர் இதழிலும் புதிய பிரதி ஒன்று போதும் என்றுதான் ஆரம்பித்தார். பழையதை விட்டால் அது மனத்தாங்கல் படாதா என்று தோன்றியது. ஆங்கில அகரவரிசைப்படி, முதல் எழுத்திலிருந்து, ஒரு கட்டுரை விடாமல் இறக்கிக்கொண்டே போனார். மாணவர்கள் சுண்டல் தின்று கலைந்துபோன பிறகும் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரு பென் டிரைவில் அடங்கியது. அதற்குச் சந்தனம் வைத்து, செம்பருத்தி சாத்தி, தமிழகராதிக்கும் தராசுக்கும் நடுவில் வைத்துக் கண்ணை மூடி நின்றார். அவ்வளவு திருப்தியான முகத்தை அம்சா அதற்கு முன் அவரிடம் கண்டதில்லை.

விடுமுறை முடிந்து வந்த காலையில், நின்றபடியே ஓர் இதழைத் திறந்தார். திறக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. வெளியீட்டாளரின் கடிதம் மின்னஞ்சலில் காத்திருந்தது. விடுமுறைக்கு முன்தினம் உங்கள் வளாகத்திலிருந்து எங்கள் ஆய்விதழ்களை யாரோ மொத்தமாக இறக்கியிருக்கிறார்கள். ஆகவே கல்லூரி முழுவதற்கும் இணைப்பை நிறுத்திவிட்டோம். செய்தவர் யார், அவர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுதினால்தான் மீண்டும் திறப்போம்.

விருத்தாசலம் உட்காரப் போனார்.

"சேரு இந்தாண்ட கீதுங்க சார்" என்று அம்சா இழுத்துப் போட்டார்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் எழலாம். அவருக்கு எழவில்லை. அவர் செய்தது பூஜை, இது திருட்டு. இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்கிற மனம் அவருக்கு இல்லை. நல்ல நாளும் அதுவுமாகத் தன் வீட்டில் கன்னம் வைத்தவன் யார் என்றுதான் கொதித்தார். இந்தக் கல்லூரியில் ஆய்விதழ்களை உண்மையாகப் படிக்கிற ஆள் ஒருத்திதான். ஆகவே சந்தேகம் போவதற்கு வேறு இடமே இல்லை.

மலர்விழி, தாவரவியல் ஆய்வு மாணவி. முகையூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போகிறவர்கள். மகள் அதே மல்லாட்டையின் இலையில் விழும் புள்ளி நோயை ஆராய்கிறாள். ஆய்வேட்டைக் கொடுக்க அந்த மாதக் கடைசிதான் கெடு. புதிய கட்டுரைகள் சிலவற்றோடு ஒப்பிட்டு ஓர் அத்தியாயத்தைத் திருத்தச் சொல்லியிருந்தார் நெறியாளர். அது முடியாமல் கெடு தாண்டினால் பதிவு ரத்து. இத்தனை வருடப் படிப்பும் புள்ளி விழுந்த இலைதான்.

"எதுக்குமா இப்படிப் பண்ண? ஆணி அடிக்காதன்னா செவுத்தையே பேத்துட்டியே" என்றார் விருத்தாசலம்.

"நான் எடுக்கல சார்."

"நீதான தெனமும் எறக்கிக்கினு இருப்ப?"

"எறக்குனது எல்லாத்தையும் படிச்சிருக்கேன் சார். எதுல வேணுமோ கேளுங்க, சொல்றேன்."

அவரால் கேட்க முடியவில்லை. கேட்பதற்கு அவர் ஒன்றையாவது படித்திருக்க வேண்டும்.

முதல்வர் காந்திமதி அம்மையாருக்கு இது சிக்கலாகவே தெரியவில்லை. "அந்தப் பொண்ணு பேரைப் போட்டு, ஐடிய நிறுத்திட்டோம்னு எழுதி அனுப்புங்க சார். தரமதிப்பீட்டுக் குழு வரப்போற நேரத்துல இது ஒரு பேஜாரு. ஜல்தியா முடிங்க."

இருக்கைக்குத் திரும்பிப் பதில் எழுத உட்கார்ந்தார். அம்சா பின்னால் நின்றார். மலர்விழி என்று பெயரைத் தட்டிவிட்டு, குற்றத்தின் விவரத்தைச் சேர்ப்பதற்காக வெளியீட்டாளரின் கடிதத்தை இன்னொரு முறை உரக்கத் தமிழில் படித்துக்கொண்டே வந்தார்.

"அகரவரிசைப்படி... ஒண்ணுகூட விடாம... பழைய இதழ்லருந்து புது இதழ் வரைக்கும் முறையா. பாரு அம்சா, திருடுறதுலகூட இன்னா ஒழுங்கு."

அம்சா திரையில் இருந்த பெயரை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பொண்ணு மல்லாட்டைய விட்டு அந்தாண்ட போவாதுங்க. இந்தக் காலேஜ்ல ஏ முடிச்சுட்டுத்தான் பி-ன்னு எடுக்கிற ஆளு ஒருத்தருதாங்களே சார்."

நெஞ்சில் கை போகவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. தரவரிசையில் இதற்கு இடமே வைத்திருக்கவில்லை அவர். திரையில் இருந்த அந்தப் பெண்ணின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூஜைக்குத்தான செஞ்சீங்க" என்றார் அம்சா.

"அவனுக்கு அது தெரியாதே."

"எழுதிப் போடுங்க. அவங்க ஊர்லயும் சாமி இருக்குமில்ல."

முதல்வரிடம் மறுபடி போய் நின்று நடந்ததைச் சொன்னார். காந்திமதி அம்மையார் முழுவதும் கேட்டார். சிரிக்காமல் கேட்டார் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

"சரி, தெரியாமப் பண்ணிட்டீங்க. ஆனா லைப்ரரியனே எடுத்தாருன்னு வெளிய போனா நல்லா இருக்குமா? அந்தப் பொண்ணு பேரே இருக்கட்டும். எப்படியும் முடிச்சுட்டுப் போவப் போறவதானே."

"முடிக்கிறதுக்குத்தான் மேடம் அது வேணும்."

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் சார்."

ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படித்த மனிதர் அவர். மனிதர்கள் இப்படியும் பேசுவார்கள் என்று அதில் எங்கும் போட்டிருக்கவில்லை. வாயிலிருந்து "வர்றேங்க மேடம்" என்று மட்டும் வந்தது.

திரும்பிப் போய் மலர்விழியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். தன் பெயர், பதவி, கல்வித்தகுதி எல்லாவற்றையும் எழுதினார். காரணம் என்ற இடத்தில் சரஸ்வதி பூஜை என்றால் என்ன என்பதை ஒரு பத்தியில் விளக்கினார். நடவடிக்கை என்ற இடத்தில்தான் வெகு நேரம் யோசித்தார். மாணவன் தப்பு செய்தால் ஒரு மாதம் கணக்கை முடக்குவது அவர் வகுத்த சட்டம். பதவிக்குத் தக்க தண்டனையாக, அடுத்த சரஸ்வதி பூஜை வரைக்கும் தன் கணக்கை முடக்கினார். அனுப்பிவிட்டு, முதல்வருக்கும் ஒரு பிரதி அனுப்பினார். அம்சாவுக்கு அது தேவையா என்று தோன்றியது.

காலையில் பதில் வந்திருந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, இணைப்பு திறந்துவிடப்படுகிறது, இறக்கிய பிரதிகளை உடனே அழித்துவிடவும். கேள்வி ஒன்றும் கேட்காததில் விருத்தாசலத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, "சந்தனத்தைத் தொடச்சுட்டு அழிக்கிறதா, அழிச்சுட்டுத் தொடைக்கிறதாங்க?" என்று அம்சா கேட்டதற்கு அவரால் இன்றுவரை பதில் சொல்ல முடியவில்லை. அழித்தாகிவிட்டது, எந்த வரிசையில் என்பதை அம்சா சொல்வதில்லை. முதல்வர் அறையிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அதற்கும் வரிசை எண் போட்டுப் பதில் எழுதினார். சீனுவாசன் வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அவருக்கு அது முதல் தடவை.

காலையில் இதழைத் திறந்து பார்க்கிற வேலை இப்போது அம்சாவுடையது. விருத்தாசலம் நாலடி தள்ளி நிற்கிறார். "தொறக்குதுங்க" என்கிறார் அம்சா. "தொறந்தா சரி" என்கிறார் இவர்.

மலர்விழி ஜன்னலோரக் கணினியில் மூன்று நாளாக எழுந்திருக்கவில்லை. இலையில் புள்ளி பரவுகிற வேகத்தைக் காட்டும் படம் ஒன்று, அவள் தேடிக்கொண்டிருந்த கட்டுரையில் கிடைத்துவிட்டது. அவள் கணக்கும் அதுவும் ஒத்துப்போகின்றன. நம்பிக்கை வராமல், சுற்றிலும் பார்த்தாள்.

"சார், இதை ஒரு தரம் பாருங்களேன். எனக்கு வந்த கோடும் இந்தக் கோடும் ஒண்ணாத்தான் போவுதா?"

பழக்கத்தில் எழுந்துவிட்டார். மேசைகளுக்கு நடுவே வேகமாக வந்தவர், திரைக்கு ஓரடி இருக்கும்போது தண்டனை நினைவுக்கு வந்து நின்றார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாத மனிதர் அவர். அதைக் கழற்றினார். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி நின்றார்.

"சொல்லும்மா, எங்கருந்து கெளம்புது" என்றார்.