அக்கா சொன்ன கடைசிப் பகுதி

அச்சுவேலியில் ஞாயிறு பின்னேரம் என்றால் கனடாவில் ஞாயிறு காலை. அந்த நேரத்துக்கு என் மனைவி கைபேசியைப் பூச்சாடியில் சாய்த்து வைப்பாள். அங்கே அவளுடைய அக்கா கோப்பியோடு உட்கார்ந்திருப்பா. “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று சேர்ந்து எண்ணி, இரண்டு வீட்டிலும் ஒரே கொரியத் தொடரை ஓடவிடுவார்கள். வீட்டை விட்டுப்போன மகனுக்காக ஒரு தாய் மீன்கடையில் காத்திருக்கிற கதை. சகோதரிகள் நேரில் கண்டு எத்தனையோ வருடங்கள். ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பதுபோலவே எனக்குப் படும். ஜன்னலில் வெயில் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருக்கும்.

தொலைக்காட்சிக்குப் பொறுப்பான மந்திரி நான். கடவுச்சொற்களை மனப்பாடம் செய்திருப்பதே என் தகுதி.

கடைசிப் பகுதிக்கு முன்னைய வெள்ளிக்கிழமை பார்த்தால், நாங்கள் மாதக்காசு கட்டிப் பார்க்கிற செயலியில் தொடரையே காணவில்லை. வேறொரு கம்பனி ‘எங்களிடம் மட்டும்’ என்று வாங்கிவிட்டதாம். ஏற்கெனவே கிரிக்கெட்டை ஒருவன் பிடித்திருந்தான், புதுப்படங்களை இன்னொருவன். கம்பனிகளின் சண்டையில் எங்கள் வீட்டு ஆசைகளைத் துண்டு துண்டாகப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஓடிப்போய்ப் புதுக் கம்பனியிலும் சேர்ந்தேன். ‘உங்கள் நாட்டில் இது கிடைக்காது’ என்றது திரை. இதை மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு வியர்த்தது. போர்க்காலத்தில்கூட இப்படி வியர்த்ததாக ஞாபகமில்லை.

எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கைபேசிக் கடைக்காரனிடம் போனேன்.

“அண்ணை, உது கனடாக்காரருக்கு மட்டும். அங்கை போனால் பாக்கலாம்.”

“விசா கிடைக்க முதல் எனக்குச் சவப்பெட்டி வந்திடும், தம்பி.”

ஞாயிறு காலை தேவாலயத்தில் போதகர் உலக சமாதானத்துக்கு மன்றாடினார். நான் இணையம் அறுந்துபோக மன்றாடினேன். கர்த்தர் இரண்டையும் கேட்கவில்லை. ஆகவே பின்னேரம் நானே மேசைக்குக் கீழே தவழ்ந்து போய் இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன்.

“இஞ்சாரும், லைன் இல்லை,” என்றேன், கீழே இருந்தபடியே.

“வயரைக் கையிலை வைச்சுக்கொண்டோ சொல்லுறியள்?”

உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அக்காவுக்குச் சாதாரண அழைப்பு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, இஞ்சை வராதாம். நீ பார்.”

அங்கே கோப்பிக் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னா: “நீ கண்ணை மூடு. நான் பாத்துப் பாத்துச் சொல்லுறன்.”

சொன்னா. கடையில் மழை. தாய் நண்டு கழுவுகிறா. “இப்ப ஆரோ கதவடியிலை.” நான் மேசைக்குக் கீழேயே படுத்துவிட்டேன். எங்கள் கூரையிலும் மழை பெய்வதுபோல இருந்தது. வெளியே நல்ல வெயில்.

“ஆரக்கா?”

“அவன்தானடி. வந்திட்டான்.”

இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன், தூசு என்று சொல்லிக்கொண்டு.

சில மாதங்களுக்குப் பிறகு தொடர் எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. மனைவி குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது கடைசிப் பகுதியைத் தனியே பார்த்தேன். மழை இருந்தது, நண்டும் இருந்தது. கதவடியில் வந்தது பக்கத்துக் கடைக்காரி. மகன் வரவேயில்லை, தாய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறா. குசினிப் பக்கம் காலடிச் சத்தம் கேட்க, கிரிக்கெட்டுக்கு மாற்றினேன்.

“என்னத்தை ஒளிக்கிறியள்?”

“ஒண்டுமில்லை. மட்ச்.”

“அவன் வரேல்லை, என்ன? நான் போன கிழமையே பாத்திட்டன்.”

“பிறகேன் அக்காவோடை ஒண்டும் கதைக்கேல்லை?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா சொன்னதிலை வந்தவன்தானே. அது எனக்கு மட்டும் சொன்னது.”