நுனி உடைந்த வெண்டிக்காய்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிரெஞ்சு பேசும் நகரமொன்றில், செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்தோம். தெருமுனையில் எல் சால்வடோர்காரி ஒருத்தியின் மரக்கறிக்கடை. சனிக்கிழமை கடை திறக்கும்போதே என் மனைவி வாசலில் நிற்பாள். வெண்டிக்காய்ப் பெட்டியில் ஒவ்வொன்றாக எடுத்து நுனியை உடைத்துப் பார்ப்பாள். டக்கென்று முறிந்தால் பைக்குள், வளைந்தால் திரும்பப் பெட்டிக்குள். யாழ்ப்பாணத்தில் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இந்தக் கடைக்காரிக்கோ கோபம் உச்சிக்கு ஏறிவிடும். அவள் ஸ்பானிய மொழியில் ஏசுவாள், இவள் தமிழில் திருப்பிக் கொடுப்பாள். நான் மரவள்ளிக்கிழங்குப் பக்கம் ஒதுங்கி, இந்த மனுசியை முன்பின் தெரியாதவன்போல நிற்பேன்.

ஒரு கோடையில் கடையின் பக்கச்சுவரில் கடைக்காரியின் மகள் படம் வரையத் தொடங்கினாள். அந்தத் தெருவில் இருந்த லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கைதான் படம். சோள ரொட்டி தட்டும் பெண்கள், டொமினோ ஆடும் கிழவர்கள், பல்கனியில் உடுப்புக் காயப்போடும் ஒருத்தி. வேலையால் வரும்போது தினமும் நின்று பார்த்தேன். நான் நடந்து திரிந்த தெருவுக்கு இத்தனை நிறம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

கடைசி வாரம் படத்தின் மூலையில் இன்னொருத்தி தோன்றினாள். மண்ணிறக் குளிர் ஜக்கெற், நெற்றியில் பொட்டு, கையில் நுனி உடைந்த வெண்டிக்காய். என் மனைவி அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

“கோயிலுக்குப் போற சனமெல்லாம் இந்த வழியாலைதான் போகும். என்னைப் பாத்துச் சிரிக்கப்போகுதுகள். அழிக்கச் சொல்லுங்கோ!”

எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் போய்ச் சொன்னேன். கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“அழிக்கலாம். ஆனால் சனிக்கிழமை இவள் வந்து சண்டை பிடிக்காவிட்டால் இது என் கடையே இல்லை. நான்தான் வரையச் சொன்னேன்,” என்றாள்.

அதை மனைவிக்குத் தமிழில் சொன்னேன். அவள் சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“அப்ப மூக்கையெண்டாலும் கொஞ்சம் சின்னனாக்கச் சொல்லுங்கோ.”

மூக்கு சின்னதானது. சண்டை மட்டும் நிற்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து விருந்தினர் வந்தால் மனைவி முதலில் அந்தச் சுவரைக் காட்டிவிட்டுத்தான் சோறு போடுவாள்.

பிறகு நகருக்கு வெளியே, புரோசார்ட்டில் வீடு வாங்கிப் போனோம். சில வருடங்களில் கடை கைமாறிவிட்டது. புதிதாக வாங்கியவர் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். மனைவி காரை விட்டு இறங்கவில்லை. 

திரும்பும் வழியில் புரோசார்ட்டின் பெரிய சுப்பர்மார்க்கெட்டில் வெண்டிக்காய்ப் பொதி ஒன்றை எடுத்தாள். பிளாஸ்ரிக் தாள் சுற்றியிருந்தது. பழக்கதோஷத்தில் தாளுக்கு மேலாகவே ஒரு நுனியைப் பெருவிரலால் அழுத்தினாள். டக்கென்று முறிந்தது. பக்கத்தில் நின்ற எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“இஞ்சை என்னை ஏசக்கூட ஒருத்தரும் இல்லையப்பா,” என்றாள்.